திரித் துப்பாக்கிக்காரர் வீடு

தை 6, ஞாயிறு

பங்காளி வீட்டு ஒச்சம்மாளுக்கு இன்று ஒன்பதாம் வருஷத் திதி. சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கல்யாணமாகி வந்த முதல் மாசிக் களரித் திருவிழா, ஒக்கூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் திருநீறுக்கு நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். "ஓடுன வீட்டுக்காரி, பின்னால போடி." பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ஐம்பத்தாறு வருஷம் ஆச்சு.

இருநூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரக் கும்பினிச் சண்டை. அவள் வீட்டு முப்பாட்டன் காட்டில் நின்று செத்தார். எங்கள் வீட்டு முப்பாட்டன் உயிரோடு வந்துவிட்டார். அதனால் முதல் திருநீறு அவர்களுக்கு. என் கண் மூடுமுன் ஒருதரமாவது எங்களுக்கு வருமா? எங்கே வரும்.

தை 20, ஞாயிறு

பேத்தி நித்யஸ்ரீ காலேஜில் சரித்திரம் படிக்கிறாள். அந்தச் சண்டைத் துப்பாக்கிகளைப் பற்றித்தான் எழுதுகிறாளாம்.

"நம்மகிட்ட இருந்தது திரித் துப்பாக்கி அப்பத்தா. எரியுற கயிறு பட்டாத்தான் வெடிக்கும். மழை பேஞ்சா போச்சு. ஒருக்கா சுட்டா, மறுபடி குழல்ல மருந்து கெட்டிக்க அம்புட்டு நேரம். கும்பினிக்காரன் துப்பாக்கில கல்லு தட்டிப் பொறி பறக்கும். வரிசையா நிப்பான். முன்வரிசை சுட்டா பின்வரிசை தயாரா இருக்கும். குழல் முனையில கத்தி வேற. பொட்டல்ல அவன் எதுக்க நின்னா சாவுதான்."

"பெறகு என்ன செஞ்சாக?"

"காட்டுக்குள்ள இழுத்தாக. ரெண்டு ரெண்டு பேரா. ஒருத்தர் சுட்டுட்டுப் பின்னால ஓடிக் கெட்டிச்சுட்டு வரணும், மத்தவர் அதுவரைக்கும் நிக்கணும். ஓடுறதுதான் சண்டையே."

ஓடுறதுதான் சண்டையே! மூன்று தரம் சொல்லச் சொன்னேன். நாலாம் வகுப்போடு நிறுத்தாமல் இருந்தால் ஒச்சம்மாள் மூஞ்சிக்கு நேரே நானே சொல்லியிருப்பேன்.

தை 21

நித்யா எழுதிக் கொடுத்தாள். மகன் குழந்தைவேலு கோயில் கூட்டத்தில் வாசிப்பான்.

தை 28, திங்கள்

வாசித்துவிட்டு வந்தான். ஒச்சம்மாள் மகன் முத்துராமன் சண்டை போடவில்லையாம். "உங்க முப்பாட்டனும் எங்க முப்பாட்டனும் சோடியாத்தான் நின்னாக. இம்புட்டு காலம் தப்பாப் பேசிட்டோம். இந்த வருசம் முதல் திருநீறு மதினி கையில" என்றானாம்.

குழந்தைவேலு பால்கோவா வாங்கி வந்தான்.

சோடியாத்தான் நின்னாக.

என் பங்கை அப்படியே மூடி வைத்தேன்.

தை 29

என் முதல் பேறுகாலத்தில் மாமியார் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள். சண்டையன்று முப்பாட்டன் பொழுது சாயும்போது வீட்டுக்குள் நுழைந்தார். பெண்டாட்டி துப்பாக்கியை வாங்கினாள். மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே இருந்தது. குழலில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தாள், கறுப்பாக வழிந்தது. "நம்ம வீட்டுப் பொம்பளைகளோட இருக்கட்டும். ஆம்பளைக காதுக்குப் போகக்கூடாது" என்றாள் மாமியார். ஏன் என்று அன்று புரியவில்லை.

கெட்டித்துவிட்டார். திரும்பிப் போகவில்லை.

இவரு வருவாரு வருவாருன்னு அந்த மனுசன் நின்னுருக்காரு— வெத்துத் துப்பாக்கியோட— பாவி, பத்து எட்டுதான இருந்திருக்கும்?

எதுக்கு எனக்கு மட்டும் இம்புட்டு ஞாபகம்.

மாசி 3, சனி

"திருநீறு வேணாம்டா" என்றேன். குழந்தைவேலு தட்டை நகர்த்தினான். "நெனவு தெரிஞ்ச நாள்லருந்து என் உசிர எடுத்துட்டு, இப்ப வேணாமா? ஏன் ஆத்தா?"

தட்டை அவன் பக்கம் திரும்ப நகர்த்தினேன்.

மாசி 15, வியாழன்

விடிந்ததும் களரிப் பூசை. அந்தத் துப்பாக்கி விஷயத்தை முத்துராமனிடம் சொல்லிவிடத்தான் போனேன். அவனே கூட்டத்தை விலக்கினான். "வாங்க மதினி, இன்னும் எம்புட்டு காலம் பின்னாலயே நிப்பீக?" குழந்தைவேலு செல்போனில் படம் எடுத்தான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர். பூசாரி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

காரைக்குடி வரும்வரை பஸ்ஸில் கையை விரிக்கவில்லை. இறங்கும்போது வேர்வையில் குழைந்து ரேகையெல்லாம் வெள்ளை. நெற்றியில் வைக்கவில்லை.