என் இருமலும் மலைக்கொரில்லாக்களும்

வைலே, டென்மார்க், மார்ச் 14, சனிக்கிழமை

மகள் ஆரணி மீது எனக்குள்ள முறைப்பாடுகள்:

1. மார்ச் 8: உகண்டாவின் மலைக்காட்டுப் பூங்கா வாசலில், கொரில்லா பார்க்கப் புறப்பட்ட எல்லோர் முன்னிலையிலும், நான் இரவு முழுவதும் இருமியதாக வழிகாட்டியிடம் சொன்னாள்.

2. அதே நாள்: இருமல், தடிமன் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லையென்று என்னை விடுதிக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவள் என்னோடு திரும்பாமல் காட்டுக்குள் போனாள்.

3. மார்ச் 11: கோப்பன்ஹேகனில் விமானத்தை விட்டிறங்கி டோஸ்ட்ருப்பிலுள்ள தன் வீட்டுக்குப் போனவள், இன்றுவரை என்னை அழைக்கவில்லை.

விதி நியாயமானதே. நமது தடிமன் ஒரு கொரில்லாக் குடும்பத்தையே கொல்லக்கூடும். உயிரியல் படித்த எனக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆயினும் மாலையில் சேற்றுச் சப்பாத்தோடு வந்தவள் விளக்கினாள்.

"அப்பா, ஒரு குட்டி தாயின்ர முதுகில இருந்து என்னையே பாத்துக்கொண்டிருந்தது. அதுக்கு உங்கட தடிமன் தொத்தியிருந்தா?"

"அது தடிமன் இல்லை பிள்ளை, தூசி."

"ஓமோம், மழைக்காட்டில தூசியாம்!"

அவள் சிரித்தாள். டென்மார்க் வந்து சேரும்வரை நான் அவளோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

இருமல் இன்னும் நிற்கவில்லை. அதைக் கேட்டுக் காட்டிக்கொடுக்க இந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

ஆரணி, வழிகாட்டியிடம் சொல்வதற்கு முன் என்னிடம் ஏன் சொல்லவில்லை? வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். டேனிஷ் மொழியில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.