பறி கடித்த ஈறு

பத்தாவியாவில் ஒல்லாந்தர் கப்பல் துறையில் வேலையிலிருக்கும் என் மகன் கோபாலுக்கு, தோணிரேவிலிருந்து உன் நைனா சடையன் சொல்லச் சொல்ல ஆதிகேசவன் எழுதுவது. நானும் உன் தங்கை அம்மணியும் இருக்கிறோம், நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கக் கன்னியம்மாளை வேண்டிக்கொள்கிறேன்.

மழை பெய்து முகத்துவாரம் திறந்துவிட்டது, இறால் நன்றாக வருகிறது, ஆனால் நான் ஏரியில் இறங்கி எட்டு நாளாகிறது. எல்லாம் அம்மணியின் வாயால்தான். ஐந்து வயதில் தோணி விளிம்பில் மோதி அவளுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்தது உனக்குத் தெரியும். கூட விளையாடும் பிள்ளைகளுக்கெல்லாம் புதுப்பல் முளைத்து எத்தனையோ நாளாகிறது, இவளுக்கு ஒன்பது முடிந்தும் வெறும் ஈறுதான். பொக்கை பொக்கை என்று அவர்கள் கூப்பிடப் போய், சிரிப்பதை விட்டாள், பிறகு பேச்சும் குறைந்தது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரையில் போடாமல் நீ விளையாட்டாய் ஏரியில் எறிந்தாயே, அதனால்தான் முளைக்கவில்லை என்று நீ கப்பலேறிய அன்றுகூட உன்னைத் திட்டினேன். ஊரெல்லாம் அதையே சொல்லித் திரிந்தேன்.

போன வாரம் மருத்துவச்சி அங்காளம்மாள் அவள் ஈற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குதிகாலாட்டம் காய்ச்சுப் போயிருக்குது சடையா, பல்லு உள்ளதான் கீது, வர்றதுக்கு வழியில்லனு சொன்னாள். புள்ள மேல பழி போட்டியே, பறிய இவ வாயில குடுத்தது யாருனு கேட்டாள். உன் அம்மா போன பிறகு, வீட்டில் விட ஆளில்லாமல் அவளைத் தண்ணீருக்குக் கூட்டிப் போனவன் நான். இரண்டு கையாலும் தண்ணீரில் இறால் தடவும்போது, பிடித்ததைப் போட்டுக்கொள்ள நாமெல்லாம் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிற மாதிரி அவளையும் கடித்துக்கொள்ளச் சொன்னேன். பல்லில்லாத வாயாயிற்றே என்று பாவி எனக்குத் தோன்றவேயில்லை. நான்கு வருடமும் ஈற்றாலேயே கடித்திருக்கிறாள், ஒருநாள்கூட வலிக்குதுனு சொன்னதில்லை.

முந்தாநாள் ஒல்லாந்தர் கோட்டையில் இருக்கும் ரணவைத்தியர் ஈற்றைக் கீறிவிட்டார். ஒரு பக்கம் வெள்ளையாய் நுனி தெரிந்தது. மறுபக்கம் ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாதம் பார்க்க வேண்டும், வராமலும் போகலாம் என்கிறார். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். ஒரு பல்லு வராமப் போலாம்னு அண்ணனுக்கு எழுதாதீங்கனு ஆதிகேசவனிடம் சொல்லிவைத்திருக்கிறாள், நான் எழுதச் சொல்லிவிட்டேன். இப்போதைக்குக் கஞ்சியும், உப்புத்தண்ணீரில் வாய் கொப்பளிப்பதும்தான்.

கோபாலு, உன் மேல் தப்பில்லையப்பா. அன்று திட்டி அனுப்பினேனே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நீ நல்லபடியாக இரு, கன்னியம்மா உன்னைக் காப்பாற்றட்டும். ஈரத்துணியோடு படுக்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே, எப்போது வந்து இறங்கினாலும் அவளைச் சிரிக்கச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் நைனா
சடையன்