பால்மிக்குப் போய்வரும் கணக்கு

மெஸ்ஸினா, ஜூன் 7

அன்பு மகள் லெத்தேரியாவுக்கு,

அப்பா இங்கே சௌக்கியம், முழங்காலும் என்னோடு சேர்ந்து இந்த வாரம் சௌக்கியமாகவே இருக்கிறது. வடக்கே அந்தப் பெர்காமோ மழையில் நீயும் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். கடலுக்கு அக்கரையில் பால்மி ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியை மாற்றல் கிடைக்கும்போல் இருக்கிறது, நம் வீட்டிலிருந்தே தினமும் போய்வர முடியுமா, கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். நான் எழுதத் தொடங்கினால் எங்கேயாவது போய்விடுவேன், அதிலும் இப்போது இருக்கிற நிலையில் கட்டாயம் போய்விடுவேன், அதனால் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. ஆகும் பணம்.
2. ஆகும் நேரம்.
3. காற்று, தூக்கம், உடம்பு.
4. என் விஷயம். நீ அங்கே இருந்தாலும் இங்கே வந்தாலும் எனக்கு ஒன்றுதான், ஆகையால் என்னை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. உனக்கே தெரியும், நகராட்சி ஆவணக் காப்பகத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் வீட்டுக் கதவைச் சாத்தினால் அலுவலகக் கதவு, நடுவில் ஒரு காப்பிக் கடை, அவ்வளவுதான் என் பயணம். அப்படிப்பட்டவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உன் வாழ்க்கைக்குக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடுமே என்று இரண்டு இரவு புரண்டு படுத்தேன். கடைசியில் நானே ஒரு வாரம் பால்மிக்குப் போய்வந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதே. விடியற்காலைப் படகில் அக்கரை வில்லா துறைமுகத்துக்கு, அங்கிருந்து ரயிலில் பால்மிக்கு, பள்ளிக்கூட வாசல் வரை நடை, திரும்பவும் அதே வழி. கையில் கைப்பெட்டிகூட எடுத்துக்கொண்டேன், உள்ளே ஒரு குடையும் இரண்டு ஆரஞ்சுப் பழமும்தான்.

பணத்தைப் பொறுத்தவரை கவலை இல்லை, படகுக்கும் ரயிலுக்கும் சேர்த்து மாதச் சீட்டு எடுத்தாலும் பெர்காமோவில் நீ அறைக்குக் கொடுக்கும் வாடகையில் பாதிகூட ஆகாது. நேரம்தான் பயமுறுத்துகிறது. போக இரண்டு மணி நேரம், வர அதற்கும் மேல், ஏனென்றால் பால்மி ரயில் தன் இஷ்டப்படி வரும், படகோ ரயிலுக்காக நிற்காது. பெர்காமோவில் உன் பள்ளி எதிர்த் தெருவில் இருக்கிறது. ஆக ஒரு நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் கடலிலும் தண்டவாளத்திலும் போய்விடும். காற்றையும் பார்த்தேன், புதன்கிழமை தெற்கே இருந்து அனல்காற்று அடித்தது, வேகப் படகுகளை நிறுத்திவிட்டார்கள், எங்கள் பெரிய படகு மட்டும் போனது, காப்பிக் கோப்பைகள் மேசையிலிருந்து ஒவ்வொன்றாக என் மடிக்கு வந்தன. இப்படி எழுதிப் பார்த்தால் விடை ஒன்றுதான், நீ அங்கேயே இருப்பது நல்லது.

ஆனால் முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று ஜூன் மூன்று, நம் ஊர் மாதா திருநாள், அவள் பெயரை வைத்திருக்கும் உனக்குப் பெயர்நாள். மெஸ்ஸினா முழுவதும் விடுமுறை, அக்கரையில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் கிடையாது. படகின் மேல்தளத்தில் காப்பிக் கடை ஓரமாக ஒரு பெஞ்சு காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். உடனே ஒரு அம்மாள், “தொத்தோரே, அது எங்க ரோக்கோ இடம்” என்றாள். (கண்ணாடி போட்டிருந்தால் இங்கே எல்லாரும் தொத்தோரே, டாக்டர் பட்டம் நமக்கு அவ்வளவு சுலபம்.) நான் துள்ளி எழுந்தேன். “எதுக்கு எந்திரிக்கிறீங்க? அவரு ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. இருந்தாலும் கேட்டுட்டுத்தான் உக்காரணும்” என்றாள். யாரைக் கேட்க வேண்டும் என்றேன். “என்னைத்தான், வேற யாரை?” என்றாள். இவள் பெயர் சாரினா, ரெஜ்ஜோ நீதிமன்றத்தில் எழுத்தர், கணவர் இறந்து பல வருடம், அடுத்த வருடம் ஓய்வு.

அப்போது ஓர் ஆண் செவிலியர், அவரும் உன் பெயர்க்காரர்தான், லெத்தேரியோ, கறுப்பும் வெள்ளையுமாகப் பாகு பூசிய பிஞ்ஞோலாத்தா இனிப்புத் தட்டு ஒன்றைத் திறந்தார். என் மகளுக்கும் இன்று பெயர்நாள் என்று முணுமுணுத்துவிட்டேன். எங்கே இருக்கிறாள் என்று சுற்றி இருந்த தினப் பயணிகள் கேட்டார்கள், பெர்காமோ என்றேன். “ஐயோ பாவம், அங்க கடல்கூடக் கிடையாதே!” என்று ஏதோ உனக்குக் காய்ச்சல் வந்ததுபோல் எல்லாரும் வருந்தினார்கள். “டேய் லெத்தேரியோ, அந்தப் பொண்ணு பங்கைத் தனியா எடுத்து வைடா” என்று சாரினா அதட்டி, ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். (வியாழக்கிழமை அதை நானே தின்றுவிட்டேன், மன்னித்துவிடு.)

படகு கரையைத் தொடும் முன்பே அவர்கள் எல்லாரும் கீழே போய் நின்றுகொள்கிறார்கள், அது பழக்கம். நானோ படிக்கட்டில் நின்று, நீங்கள் முன்னால் போங்கள், நீங்கள் போங்கள் என்று ஒவ்வொருவருக்கும் வழிவிட்டேன். இறங்குபவர்கள் முடிந்தபோது ஏறுபவர்கள் வந்துவிட்டார்கள், அவர்களுக்கும் வழிவிட்டேன். சங்கு ஊதியது. கரையில் சாரினா இரண்டு கையையும் ஆட்டி என்னவோ கத்தினாள், எவ்வளவு அன்பு என்று நினைத்து நானும் தொப்பியைக் கழற்றி ஆட்டினேன். படகு என்னோடு மெஸ்ஸினாவுக்கே திரும்பிவிட்டது! கயிறு கட்டும் ஆள், “பிடிச்சிருந்தா இன்னொரு சுத்து போங்க தொத்தோரே, யாரும் கேக்க மாட்டாங்க” என்றான். அன்று நான் பால்மி வாசலை அடைந்தபோது பிள்ளைகள் முதல் பாடத்தையே முடித்திருந்தார்கள்.

மாலைப் படகில் எனக்குக் கைதட்டல். “இறங்குய்யான்னு நான் தொண்டை கிழிய கத்துறேன், இவரு ராஜா மாதிரி தொப்பியைக் கழட்டுறாரு!” என்று சாரினா எல்லாருக்கும் நடித்துக் காட்டினாள். மறுநாள் தன் சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்து, “நீங்க இறங்கலேன்னா நான் பட்டினி, ஞாபகம் இருக்கட்டும்” என்றாள். அதன் பிறகு நான் ஒழுங்காக இறங்குகிறேன் மகளே. வியாழக்கிழமையே கணக்கு முடிந்துவிட்டது, ஆனாலும் வெள்ளி, சனி இரண்டு நாளும் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து, காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு போனேன். இந்த வயதில் இது என்ன என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது, சவரம் செய்யும்போது பாடுகிறேன். நாளை சாரினா மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாள், வாள்மீன் வாங்கியிருக்கிறேன், சமைக்கத் தெரியாது.

ஆகவே அப்பா தனியாக இருக்கிறாரே என்று நீ வர வேண்டாம், அந்தக் காரணம் இனி இல்லை, படகு நிறைய ஆள் இருக்கிறார்கள். மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும், நன்றாகச் சாப்பிடு, ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்காதே. கல்வி அலுவலகத்துக்குப் பதினைந்தாம் தேதிக்குள் பதில் போட வேண்டும், மறந்துவிடாதே.

இன்று காலை பெஞ்சில் எனக்குப் பக்கத்து இடத்தில் தொப்பியை வைத்திருந்தேன். கூட்டம் அதிகம், ஒரு பெரிய மனிதர் வந்து இங்கே யாராவது வருகிறார்களா என்று கேட்டார். படிக்கட்டில் ஊருக்கே வழிவிட்ட நான், ஆமாம், என் மகள் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன், தொப்பியை எடுக்கவில்லை. மேலே வரிசையில் நான்காவதாக எழுதியது தவறு.

உன் அப்பா
நுன்சியோ