கடலோரத்து நாலு மணி வண்டி

அன்பு மகள் குடுக்கைக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் படி ஏறும்போது முனகுகிறது, மற்றபடி வீட்டில் குறை ஒன்றும் இல்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம், அம்மாவுக்கு அந்த நம்பிக்கை என்னைவிடக் கொஞ்சம் குறைவு. போனில் நாலு வரி அனுப்பியவளுக்கு எதற்கு இத்தனை நீளக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்து, வேண்டாம்ப்பா அலைச்சல் என்று இரண்டே வார்த்தையில் கதையை முடித்துவிடுவாய். பிறந்ததிலிருந்தே நீ அப்படித்தான், டாக்டர் குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே வந்து நின்றவள், அதனால்தானே பெரியம்மா உன்னை அவசரக்குடுக்கை என்று கூப்பிட்டு, அதில் பாதி இன்றுவரை உன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். டிப்போவில் செல்லாமல் போன பழைய கால அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், முன்பக்கத்தைப் பார்த்துக் குழம்பாதே, அதில் இருக்கும் வண்டிகளில் பாதி இப்போது ஓடவில்லை.

துறைமுகத்து இயந்திரங்களைச் சோதிக்க உன் கம்பெனி உன்னை மூன்று நாள் அந்தக் கடற்கரை ஊருக்கு அனுப்புகிறது, அதில் ஞாயிறு ஒரு நாள் ஓய்வு, திங்கள் விடிகாலையில் விமானம், வீட்டுக்கு வந்துபோக நேரமில்லை, நீங்களும் வந்து அலைய வேண்டாம், அங்கே மத்தியானம் இறங்கி நாலு மணி வண்டியைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும், மூன்று மணி நேரம்கூடத் தேறாது, அதற்குப் பதினாறு மணி நேரம் பஸ்ஸில் உட்காருவதா என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தாய். கணக்கில் தப்பே இல்லை, டைம் கீப்பர் மகள் ஆயிற்றே. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய், நீங்களும் அம்மாவும் ஒரு தடவை அப்படி ஓடிப்போய் ஓடிவந்தீர்களே, அந்தக் கடலுக்கு அது தகுமா என்று. நாலு வருஷமாக உன் முகத்தைக் கையகலத் திரையில்தான் பார்க்கிறோம் குடுக்கை. கேள்விக்குப் பதில் சொல்கிறேன், ஆனால் நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும், அதில் இதுநாள்வரை உன்னிடம் மறைத்த ஒரு சங்கதியும் இருக்கிறது.

அந்தக் கடலை எனக்கு முதலில் மணலாகத்தான் தெரியும். தினம் காலை ஐந்து பத்துக்குக் கடலோர வண்டியை அனுப்புவது என் வேலை, டிரிப் ஷீட்டில் நேரம் எழுதி முத்திரை குத்தி விசில் ஊதினால் டிரைவர் எடுப்பார். பதினாலு வருஷம் அந்த வண்டியை நான் அனுப்பினேன், ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. மறுநாள் கழுவ நிற்கும்போது அதன் படிக்கட்டு ஓரத்தில் கொஞ்சம் மணல் இருக்கும், மற்ற வண்டிகளில் ஒட்டும் புழுதி மாதிரி இருக்காது, வெள்ளையாக, உலர்ந்து, விரலில் நிற்காமல் வழியும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் டைம் கீப்பர் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் அதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் ஆஸ்பத்திரித் துணி அறையில் விரிப்புகளுக்கு நம்பர் தைத்துவிட்டுக் களைத்து வந்திருந்தாள், உள்ளங்கையில் கொட்டி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, ஒரு நாள் போய்ட்டு வரலாங்க என்றாள். ஒரு நாள் என்றால் ஒரே நாள்தான், அவளுக்கும் எனக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு. உனக்கு அப்போது பதினொரு வயசு, பரீட்சை நேரம், பெரியம்மாவை வீட்டில் துணைக்கு வைத்துவிட்டு, நீ கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

போகிற வழி பூராவும் அரைத் தூக்கம். ஜன்னலில் தலை இடிக்க இடிக்க ஒரு வயல் போகும், கண்ணை மூடித் திறந்தால் ஒரு தொழிற்சாலைச் சுவர், மறுபடி திறந்தால் மலை, எது கனவு எது வெளியே என்று தெரியவில்லை. ஒரு வளைவில் அம்மா என் தொடையில் தட்டினாள். சாலை முடிந்து ஆகாயம் தொடங்குகிறது என்று நினைத்தேன், அதுதான் கடல். கறுத்த பாறைகள் கைகோத்து நிற்கிற மாதிரி கரை நீளத்துக்கும் நிற்கின்றன, அடியில் தண்ணீர் பச்சைக் கண்ணாடி நிறம், தள்ளிப்போகப் போக மை நிறம், அதற்கும் அப்பால் நிறமே இல்லை. அம்மா சொன்னாள், இருபது வருஷமா ஆஸ்பத்திரி நீலத் துணி தைக்கிறேன், இந்த நீலம் எங்க அறையில இல்லவே இல்லை என்று. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றாள், அலை திரும்பும்போது காலடி மணல் நழுவியது போலிருக்கிறது, சின்னப் பெண் மாதிரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா, நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே அவ்வளவு பெரிய கடல், நான் அவள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். என் கடிகாரம் டிப்போவுடையது, டூட்டி மாற்றும்போது அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும், அதனால் அன்று எங்களுக்கு அம்மாவின் வாட்ச்தான் கதி.

நம் வீட்டுக் கடிகாரம்தான் உனக்குத் தெரியுமே. யாரும் எதற்கும் தாமதமாகக் கூடாது என்று நான் இருபது நிமிஷம் கூட்டி வைத்திருப்பேன், அம்மாவும் தன் வாட்சை அதோடு ஒத்து வைத்திருப்பாள், அப்புறம் நாம் மூன்று பேருமே மனசுக்குள் இருபதைக் கழித்துவிட்டு ஆற அமரக் கிளம்புவோம். கடற்கரையிலும் அப்படியே கழித்தேன். வாட்சில் நாலு மணி காட்டியது, அப்படியென்றால் மூன்று நாற்பது, பஸ் நிலையத்துக்குக் கால் மணி நடை, சரியாக இருக்கும் என்று எழுந்தேன். பாதி வழியில், மேலே சாலை வளைவில், நம் வண்டி போகிறது. பின்பக்க நம்பரை இருட்டிலும் அடையாளம் சொல்வேன், பதினாலு வருஷம் முத்திரை குத்தியவன் அல்லவா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, பத்து நிமிஷத்துக்கு மேல் முந்தி எடுத்துவிட்டான், இவன்மேல் ரிப்போர்ட் எழுதாமல் விடமாட்டேன் என்று அம்மாவை இழுத்துக்கொண்டு நிலையத்துக்குப் பறந்தேன். அங்கே கூண்டில் இருந்த டைம் கீப்பர் என் குரலைப் போனில் கேட்டுப் பழகியவர், சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். நாலு பதினைந்து. அம்மாவின் வாட்சிலும் அதே நாலு பதினைந்து. நீங்க பழக்கின டிரைவர்தானே சார், ஒரு நிமிஷம் முந்தவும் மாட்டார் பிந்தவும் மாட்டார் என்று அவர் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முந்தின நாள் பேட்டரி மாற்றக் கொடுத்திருந்தாளாம், கடைக்காரர் நேரத்தைச் சரி பண்ணிவிட்டிருப்பார் போல என்றாள் அம்மா. ஊருக்கெல்லாம் வண்டி அனுப்புகிறவன் என் வண்டியைத் தவறவிட்டேன். இந்த அவமானம் வெளியே தெரியக் கூடாது என்றுதான் உன்னிடம் வண்டி பழுதாகிவிட்டது என்று சொன்னேன். பாவம், அந்த வண்டிக்கு அன்று ஒரு குறையும் இல்லை.

அடுத்தது ஏழு மணிக்கு ஊரெல்லாம் சுற்றிப் போகும் வண்டிதான். அம்மா திட்டுவாள் என்று பயந்துகொண்டே நின்றேன். அவள் சரி விடுங்க, வாங்க என்று திரும்பவும் பாறைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாள். இனி அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் குடுக்கை, எனக்குக் கடல் தெரிந்தது. அதுவரை நான் பார்த்தது இரண்டு வண்டிக்கு நடுவில் உள்ள இடைவேளையைத்தான். வெயில் சாய்ந்ததும் பாறைகளின் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு நிறத்துக்கு வந்தது, அலைச் சத்தம் காதுக்குப் பழகி அப்புறம் கேட்காமலே போனது, தூரத்தில் ஒரு படகு நகர்கிறதா நிற்கிறதா என்று நாங்கள் பந்தயம் கட்டி இரண்டு பேருமே தோற்றோம். அம்மா என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் தூங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் கூண்டில் உட்கார்ந்து விசிலை வாயில் வைக்கும்போது சில காலைகளில் அந்தத் தோள் பாரம் வந்துபோகிறது. முதல் இரண்டே முக்கால் மணி நேரத்தில் எனக்கு நினைவிருப்பது அம்மாவின் மணிக்கட்டு, பிந்தின மூன்று மணி நேரத்தில் ஒரு நொடி விடாமல் எல்லாம் நினைவிருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில் இதுதான், தகும்.

ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் தெருமுனை திரும்பும்போது நீ பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். பெரியம்மா எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லையாம். நீ அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. இனிமே என்னை விட்டுட்டுக் கடலுக்குப் போகாதீங்க என்று மட்டும் சொன்னாய், அடுத்த தடவை மூன்று பேருமாகப் போகலாம் என்று நான் உன் தலையில் கைவைத்துச் சொன்னேன். அப்புறம் உன் படிப்பு, என் டூட்டி, அம்மாவின் முழங்கால், நீ போன ஊர், பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. அதனால் உன் அனுமதிக்குக் காத்திருக்காமல் சீட்டு எடுத்துவிட்டேன், டிரைவருக்குப் பின்னால் இரண்டு இருக்கை, அம்மா கால் நீட்டிக்கொள்ள வசதி. திரும்ப ஏழு மணிச் சுற்று வண்டிக்கு எடுத்திருக்கிறேன். அம்மா தன் திங்கட்கிழமை டூட்டியை இன்னொருத்தியிடம் மாற்றிக்கொண்டுவிட்டாள். நாலு மணி வண்டி வளைவில் போகும்போது நாம் மூன்று பேரும் பாறைமேல் நின்று அதற்குக் கை காட்டலாம்.

எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, உன் வேலையில் எல்லாம் கூடிவரட்டும். ஞாயிறு மத்தியானம் ஒன்று பத்துக்கு நிலையத்தில் நில், முன்னால் வந்து வெயிலில் காயாதே, தலைக்குத் துணி போட்டுக்கொள். ஈரமானால் பரவாயில்லாத செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா

கண்ணு, இதற்குக் கீழே எழுதுவது அம்மா. உறையை ஒட்டிப் பெட்டியில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்பா டூட்டிக்குப் போயிருக்கிறார், நான் படித்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. அன்று கடிகாரக் கடைக்காரர், நேரத்தைச் சரியா வெச்சிருக்கேம்மா என்று என்னிடம் சொல்லித்தான் கொடுத்தார். பாறையில் அப்பா இருபதைக் கழித்தபோது எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எழுந்து வர மனசில்லை, அவ்வளவுதான். காலையில் உன்னை அந்தப் படியில் பையோடு பார்த்ததும்தான் அந்த மூன்று மணி நேரம் யாருடையது என்று உறைத்தது. அப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதே. முழங்கால் வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும், உன்னிடமிருந்து எடுத்ததை உன் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பிக் கொடுக்கத்தான் நான் வருகிறேன்.