ஸ்டிக்கரில் இருந்த எண்

ஸ்ரீரங்கம்
6.5.2020

அன்புள்ள பேட்ரிசியா,

நலம்தானே? போனில் நான் கிடைக்கவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். அணைத்து வைத்திருக்கிறேன். விடிந்தால் போதும், "சார், வஞ்சிரம் இருக்கா? எறாவைத் தோலெடுத்துத் தருவீங்களா?" என்று ஊரே கூப்பிடுகிறது. நாம் ஓட்டல்களுக்குப் பெட்டி பெட்டியாக மீன் பதப்படுத்தி அனுப்புகிறவர்கள். வீடு வீடாக விற்கச் சொன்னது யார்? அதுவும் பாக்கெட்டில் என் எண்ணைப் போட்டு!

அம்மா தளிகை பண்ணும் நேரத்தில் எதிரில் உட்கார்ந்து "அயிரை இல்லைங்க" என்று நான் சொல்ல முடியுமா? பத்து வருஷமாக அவளிடம் ஐஸ் வியாபாரம் என்றுதான் சொல்லி வருகிறேன். உங்களுக்கே தெரியும்.

டெலிவரிக்கு வந்த ஹபீபுல்லாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வண்டியை எங்கள் தெருவுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

ரெங்கராஜ்

அரியமங்கலம், திருச்சி
7.5.2020

அன்புள்ள ரெங்கராஜ் சார்,

மாதா புண்ணியத்தில் இருமல் இல்லை. மற்ற எல்லாக் கஷ்டமும் இருக்கிறது.

இந்த ஊரடங்கில், நீங்கள் ஆர்டர் பிடிக்கும் ஓட்டல்கள் ஒன்றும் திறக்கவில்லை. கோடைக் கல்யாணங்களை நம்பி நீங்கள் வாங்கச் சொன்ன இறால் ஃப்ரீசரில் கூரையைத் தொடுகிறது. லால்குடியிலிருந்து வரும் பெண்களுக்குப் பஸ் இல்லை. நானும் சந்திரம்மாளும்தான் வெட்டுகிறோம், கழுவுகிறோம், எடை போடுகிறோம். வீடுகளுக்கு விற்பதில்தான் கரண்ட் பில்லே கட்டுகிறோம். அதுவும் நின்றால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

அச்சகம் பூட்டிக் கிடக்கிறது. ஓட்டல் பெட்டிக்கு அடித்த பழைய ஸ்டிக்கரைத்தான் ஒட்டுகிறோம். அதில் இருப்பது உங்கள் எண். என் கை முழுக்கச் செதில், நான் எப்படிப் போன் எடுப்பது? முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு சார்? மொட்டை மாடிக்குப் போயாவது பேசுங்கள்.

பேட்ரிசியா

ஸ்ரீரங்கம்
9.5.2020

அன்புள்ள பேட்ரிசியா,

மாடியில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கம்பெனியை இப்போதைக்கு மூடுவோம். ஓட்டல்கள் திறந்ததும் ஆர்டர் பிடித்துத் தருவது என் பொறுப்பு. அதுவரை எந்தப் பாக்கெட்டிலும் என் எண் இருக்கக் கூடாது. இதைப் பங்குதாரராகச் சொல்கிறேன்.

ரெங்கராஜ்

அரியமங்கலம், திருச்சி
10.5.2020

ரெங்கராஜ் சாருக்கு,

அழித்துவிட்டோம். சந்திரம்மாள் மார்க்கரால் ஒவ்வொரு ஸ்டிக்கராக உங்கள் எண்ணை அடித்துவிட்டு என் எண்ணை எழுதினாள். "சாருக்கு நம்ம மேல என்னங்க கோபம்?" என்று கேட்டாள். கோபமில்லை, வெட்கம் என்றேன்.

நீங்கள் போனை அணைத்ததால் ஆர்டர் வராமல், வெட்டிக் கழுவி வைத்த மீனைக் குழி தோண்டிப் புதைத்தோம். எனக்கு வயிறு எரிகிறது சார். லாபம் வந்த வருஷங்களில் அது எதிலிருந்து வந்தது என்று உங்களுக்குக் கூச்சம் வரவில்லையே!

கம்பெனியை நான் மூடப் போவதில்லை. நாம் பங்கைப் பிரித்துக்கொள்வோம். ஓட்டல்காரர்களிடமும் இனி நானே பேசிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

பேட்ரிசியா

ஸ்ரீரங்கம்
18.5.2020

அன்புள்ள பேட்ரிசியா,

இன்று காலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஐஸ் இல்லை, மீன் கம்பெனி என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "அதுக்கென்ன இப்போ? தெனம் உன் சட்டையை ஊறப் போடறவ நான்தானேடா, நேக்குத் தெரியாதா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்கிறாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்ததை அவளிடம் மறைக்கவா உங்களை இந்த நேரத்தில் தனியாக விட்டேன்?

என் எண்ணையே மறுபடி எழுதுங்கள். போன் திறந்திருக்கிறது. கூடத்தில், அம்மாவுக்கு எதிரிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை.

ரெங்கராஜ்