பைசிக்கிளில் விழாத அஸ்ஹான்

அன்பு மகள் ஷிஃபானாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், உம்மாவின் முழங்கால் வலியும் என் முன்கோபமும் மட்டும் பழையபடிதான். நீயும் மருமகன் ஹஸ்மியும் வயிற்றுப் பிள்ளையும் டோஹாவில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். ஆண்பிள்ளையாம் என்று நீ போனில் சொன்னதும் உம்மா அழுதது உனக்குக் கேட்டிருக்கும், சந்தோஷத்தில் என்று நினைத்திருப்பாய். பாதிதான் சந்தோஷம் மகள். மீதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு ரிப்காவின் மாப்பிள்ளை அடுத்த வியாழக்கிழமை அங்கே வருகிறார், கருவாட்டுப் பொதியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். பொதியைப் பிறகு பிரிக்கலாம், முதலில் இதைப் படி.

நேற்று அந்தி சாயும் முன் துறைமுகப் பக்கம் நடந்தேன், மீன் வாடியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள், அப்படியே நின்றுவிட்டேன். தம்பி அஸ்ஹானின் முழங்கால் வீங்கும்போதெல்லாம் நீதானே பள்ளிக்கூடச் சட்டையோடு அந்த வாடிக்கு ஓடுவாய், ஐஸில் சூடை மீன் மணக்குது என்று அவன் முகத்தைச் சுளிப்பான், அப்படியென்றால் பூனை வந்து உன் காலைத் தின்னட்டும் என்று சொல்லி நீ துணியில் கட்டிவிடுவாய். அவனுக்கு ஹீமோபீலியா என்று தெரியவே எட்டு வயதாகிவிட்டது. அதற்கு முன் சுன்னத்து வைத்தபோது நாலு நாள் இரத்தம் நிற்கவில்லை, கண்ணூறு என்றார்கள், நான் சுன்னத்து வைத்த ஒஸ்தா மாமாவின் கத்திதான் பிழை என்று அந்த மனிதரைத் தெருவில் வைத்து ஏசினேன். பிறகு கொழும்பில்தான் இரத்தத்தை உறையவைக்கும் சத்து பிள்ளைக்குக் குறைவு என்று விளங்கப்படுத்தினார்கள், அதற்குள் ஒஸ்தா மாமா மௌத்தாகிவிட்டார், மன்னிப்புக் கேட்க ஆளில்லை. மருந்துக்காகக் கொழும்புக்குப் போன அந்த பஸ் பயணங்கள் நினைவிருக்கிறதா, ஹபரணை வருமுன்னே கால் இரண்டு மடங்கு வீங்கிவிடும். ஆனாலும் நாலு பேரும் ஒரே சீற்றில் நெருக்கி இருந்து இடியப்பம் தின்றதை நினைத்தால் இன்றைக்கும் மனம் இனிக்கிறது, அவன் வலியை மறக்க நீ சொன்ன பொய்க் கதைகளைக் கேட்டு முன் சீற்றுக்காரரும் திரும்பிச் சிரிப்பார். அப்படி அலைந்த காலத்தில்தான் அவனுடைய கணுக்கால் கோணிப்போனது.

இப்போது மருந்து எங்கள் டவுணுக்கே வருகிறது, எங்களைப் போன்ற பெற்றோர் மனுவுக்கு மேல் மனு எழுதியது வீண்போகவில்லை. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் மருந்து முடிந்து அவன் மூன்று கிழமை பாயில் கிடந்தான், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் இன்றைக்கு எங்கள் பிரிஜில் முட்டை வைக்கும் தட்டு அவனுடைய மருந்துக்கு, உம்மாவின் முட்டைகள் குசினி மூலையில் கிடக்கின்றன. ஊசியை அவனே ஏற்றிக்கொள்கிறான். சனிக்கிழமைகளில் கிளினிக் தாதி லோஜினி மிஸ்ஸோடு சாம்பல்தீவு, இறக்கக்கண்டி என்று ஊர் ஊராகப் போய், காரணமில்லாமல் மூட்டு வீங்கும் ஆண்பிள்ளைகளை ஒளித்து வைக்காமல் கூட்டி வரச் சொல்கிறான். ஒளித்து வைக்காதீர்கள் என்று அவன் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது.

ஏனென்றால் ஒளித்தவன் நான். ஆறு வருடத்துக்கு முன் லோஜினி மிஸ் என்னிடம், இது தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது, அக்காமாரும் தெரியாமல் சுமக்கலாம், உங்கள் மகளையும் ஒருக்கா கூட்டி வாருங்கள் என்று சொன்னா. அப்போதுதான் கிண்ணியாவில் இருந்து உன்னைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். நான் கூட்டிப் போகவில்லை, உனக்குச் சொல்லவும் இல்லை. பையன் ஏன் நொண்டுகிறான் என்று ஹஸ்மியின் உம்மா, உன் மாமி கேட்டபோது பைசிக்கிளில் விழுந்தவன் என்றேன், உன்னையும் அப்படியே சொல்லச் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனாய். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

பிள்ளை பிறந்து ஏழாம் நாள் சுன்னத்து, அதற்கு மாமியும் வருகிறா என்று நீ சொன்ன பிறகு என்னால் வீட்டில் இருக்க ஏலவில்லை. போன திங்கட்கிழமை பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போய் உன் மாமி சனூஸாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவ ஒரு கோப்பைத் தேத்தண்ணி கூடத் தரவில்லை. கடைசியில் சொன்னா, "நீங்க சொன்ன பொய்ய அல்லாஹ்க்கிட்ட நீங்களே பாத்துக்கங்க. இரத்தம் பாக்காம என்ட பேரப்புள்ளையில ஒருத்தரும் கத்தி வைக்க ஏலா." புதன்கிழமை ஓட்டோவில் எங்கள் வீட்டுக்கே வந்தா. என்னைத் தாண்டிப் போய், அஸ்ஹானுக்கு முன் கதிரையைப் போட்டு இருந்து அவன் ஊசி ஏற்றுவதைக் கண் இமைக்காமல் பார்த்தா. பிறகு, "நரம்ப எப்பிடி மகன் கண்டுபுடிக்கிற? எனக்கும் ஒருக்காக் காட்டித் தாங்க" என்று தன் கையை நீட்டினா. நான் குசினிக்குள் போய் அழுதேன்.

ஹஸ்மியிடம் நீயே சொல்ல வேண்டும் என்பதற்காக, தான் அங்கு வந்து இறங்கும் வரை மகனிடம் வாய் திறப்பதில்லை என்று மாமி சொல்லியிருக்கிறா. அவ அங்கே வர இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. பிரசவத்துக்கு முன்னமே டாக்டரிடம் தம்பியின் வியாதியைச் சொல், உன் இரத்தத்தையும் பார்க்கச் சொல், பிள்ளையை ஆயுதம் வைத்து இழுக்க விடாதே, பிறந்ததும் அதன் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் சுன்னத்து. ஒன்றும் இல்லையென்றால் அல்ஹம்துலில்லாஹ். இருந்தாலும் பயப்படாதே, உன் தம்பி பட்டதை அந்தப் பிள்ளை படாது. நேரத்துக்குச் சாப்பிடு, கால் வீங்கினால் உயர்த்தி வைத்துப் படு. அல்லாஹ் உனக்கும் பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் ஈடேற்றமும் தரட்டும், உம்மாவும் அஸ்ஹானும் ஸலாம் சொல்கிறார்கள். ஹஸ்மி கோபப்பட்டால் குற்றம் வாப்பாவுடையது என்று சொல், அதுதான் உண்மை. இனி எனக்காக நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம் மகள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
அபூதாஹிர்
திருகோணமலை