உன் கையெழுத்துக்கு விட்ட இடம்

வில்லிஸ்டன், நார்த் டகோட்டா

அன்புள்ள ஆர்லீனுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் ஓய்வுபெற இன்னும் நான்கே மாதம். கம்பெனி வழியாகச் சேர்ந்த என் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தனிக் கணக்குக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி ஒரு முதலீட்டு முகவர் நேற்று எங்கள் தொழிலாளர் விடுதிக்கு வந்தார். படிவத்தில் மனைவியின் சம்மதக் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது.

"அவ ஒஹாயோவில இருக்கா, அனுப்பித்தான் வாங்கணும்," என்றேன்.

"எதுக்கு சார்? நீங்களே போட்டுடுங்க. யார் பார்க்கப் போறா?"

அவசரத்தில் உன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டும்விட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. "முப்பத்தொரு வருஷமா அவ பேரை அவதான் எழுதுறா," என்று சொல்லிப் படிவத்தைக் கிழித்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். பயப்பட ஒன்றுமில்லை.

இன்று கம்பெனி அலுவலகத்திலேயே வேறு படிவம் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். பணம் என் கைக்கு வராமல் நேராகப் புதுக் கணக்குக்குப் போய்விடுமாம், அதனால் வரி பிடிக்க மாட்டார்களாம். ஆனாலும் சரியாகத்தான் செய்கிறேனா என்று மனம் ஒரு நிலையில் இல்லை. நிதானமாகப் படித்துப் பார். தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. கையெழுத்துப் போட மனமில்லை என்றால் போனில் கூப்பிட்டுத் திட்டு. அரைமணி நேரமாவது திட்டு.

உன்
வெர்ன்